பழைய டேப்புக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

(வில்லியனூர், பாகூர் கொம்யூன் பகுதி அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கற்றலில் மின்னணுக் கருவிகள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். திக்‌ஷா தளம், என்சிஇஆர்டி மின்நூல்கள், காணொளிப் பாடங்கள் பற்றியெல்லாம் காலையில் நண்பர்கள் நன்றாகப் பேசினார்கள். நான் அதற்கு ஒரு படி முன்னால் நின்று பேச நினைக்கிறேன். அந்தப் பாடங்களைப் பார்க்கும் கருவி பிள்ளையின் கைக்கு எப்படி வருகிறது?

கையடக்கக் கணினி என்று சுற்றறிக்கையில் எழுதுகிறோம். பிள்ளைகள் டேப் என்கிறார்கள். நானும் டேப் என்றே சொல்கிறேன். நம் பிள்ளைகளின் வீடுகளில் புது டேப் வாங்குபவர்கள் குறைவு. நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், சேதராப்பட்டுப் பக்கம் கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவர்கள்தான் பெரும்பாலான பெற்றோர். பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் டேப் வேண்டும் என்று கேட்கிறது. அவர்கள் தேடுவது செகண்ட் ஹேண்ட்தான். பழையதை வாங்குவதில் தவறே இல்லை. நல்ல பொருள் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது வாங்கும் அன்று கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

மதகடிப்பட்டுச் சந்தையில் மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டார். பழைய பைக் வாங்கினால் ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கிறோம். அரை மனை வாங்கினாலும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். இது இன்று வந்த பழக்கமும் அல்ல. பாகூரில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. கொடுத்தது எது, பெற்றது யார், எல்லை எது என்று செம்பில் வெட்டி வைத்தார்கள். பொருள் கைமாறினால் உரிமையும் கைமாற வேண்டும், அதற்குச் சாட்சி வேண்டும் என்பது நம் மண்ணுக்குப் பழகிய விஷயம். டேப் வாங்கும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம். திரை கீறலில்லாமல் இருக்கிறதா, சார்ஜ் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கிறோம்.

டேப்புக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. அது முந்தைய உரிமையாளரின் கணக்கு.

இதைச் சற்று விளக்குகிறேன். ஆப்பிள் நிறுவனம் 2013 செப்டம்பரில் ஐஓஎஸ் 7 வெளியிட்டபோது 'ஆக்டிவேஷன் லாக்' என்ற பூட்டைக் கொண்டுவந்தது. ஐபேடில் 'ஃபைண்ட் மை' வசதியை ஒருவர் இயக்கி வைத்தால், அந்தக் கருவி இன்னாருடையது என்று ஆப்பிளின் சர்வரில் பதிவாகிவிடுகிறது. 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1 பதிப்போடு கூகுளும் இதே மாதிரி ஒரு பாதுகாப்பைக் கொண்டுவந்தது. டேப்பில் ஒரு கூகுள் கணக்கும் திரைப்பூட்டும் இருந்தால் போதும், பாதுகாப்பு தானாக இயங்கும். சில நிறுவனங்களின் ஆண்ட்ராய்டுக் கருவிகளில் இதற்கு மேல் அந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கும் ஒரு பூட்டாக இருக்கும்.

இந்தப் பூட்டு வந்ததற்கு நல்ல காரணம் உண்டு. கைபேசித் திருட்டு பல நாடுகளில் பெரிய தொல்லையாக இருந்தது. திருடினாலும் பயன்படுத்த முடியாதபடி செய்யும் வசதி ஸ்மார்ட்போன்களில் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2014-இல் சட்டமே போட்டது. நம் வீட்டு டேப் தொலைந்தால் நம்மைக் காப்பதும் இதே பூட்டுத்தான். ஆகவே பூட்டின் மீது எனக்குக் கோபமில்லை. பூட்டோடு பொருளை விற்பதுதான் பிரச்சினை.

பெற்றோர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. 'ரீசெட் போட்டால் எல்லாம் போய்விடும்' என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ரீசெட் போட்டால் படங்கள் போகும், செயலிகள் போகும். பூட்டு போகாது. உரிமையாளர் தன் கடவுச்சொல்லைக் கொடுத்து, கருவியின் அமைப்புகளுக்குள் போய் முறையாக அழித்தால் பூட்டும் நீங்கிவிடும். கடவுச்சொல் தெரியாமல், பொத்தான்களை அழுத்திப் பிடித்து வெளியிலிருந்து ரீசெட் செய்தால், கருவி மறுபடி எழுந்து இணையத்தைத் தொட்டதும் பழைய கணக்கைக் கேட்கும். காரணம், உரிமை பற்றிய குறிப்பு நம் கையில் இருக்கும் பெட்டிக்குள் மட்டும் இல்லை.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா ஒருநாள் மாலை டேப்பை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தார். "டீச்சர், பாப்பா டேப்பு ஏதோ கேக்குதாம், பாத்துச் சொல்லுங்க" என்றார். இரண்டு வாரம் நன்றாக ஓடியிருக்கிறது. வேகம் குறைந்தது என்று சொந்தக்காரப் பையன் பொத்தானை அழுத்தி ரீசெட் போட்டிருக்கிறான். இப்போது, முன்பு இந்தக் கருவியில் இருந்த கூகுள் கணக்கில் நுழையச் சொல்லித் திரை நிற்கிறது. 5,500 ரூபாய். மகளிர் குழுவில் எடுத்த கடன். "பில் இருக்காம்மா?" என்று கேட்டேன். ஒரு விசிட்டிங் கார்டுதான் இருந்தது. கடையில் கேட்டால், யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள், அவர் நம்பர் இப்போது போகவில்லை என்றார்கள். வேறொரு இடத்தில் 1,500 ரூபாய் கொடுத்தால் உடைத்துத் தருகிறோம் என்றார்கள். இன்னும் கடன் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்கத்தான் அந்த அம்மா வந்திருந்தார். வேண்டாம் என்றேன். அந்த டேப் இன்றும் அவர்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. குழுக் கடனை மட்டும் மாதாமாதம் கட்டி முடித்தார்.

அந்த வீட்டுக்கு 5,500 ரூபாய் என்பது எத்தனை நாள் கூலி என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

ஏன் 'உடைக்க வேண்டாம்' என்றேன்? பூட்டைத் திறப்பதாகச் சொல்பவர்களில் பலர் காசை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள். சிலர் தற்காலிகமாக ஏதோ ஓட்டையில் நுழைந்து திறந்து கொடுப்பார்கள். அடுத்த முறை ரீசெட் செய்ததும் பூட்டு திரும்ப வரும். 2024-இல் வந்த ஆண்ட்ராய்டு 15 பதிப்பில் இத்தகைய குறுக்கு வழிகளை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். இன்னொரு வகை, இணையத்தில் கிடைக்கும் 'அன்லாக்' மென்பொருள். கணினியில் வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு இதை நிறுவுங்கள் என்று சொல்லும். நம் வங்கிக் கணக்கு, மாணவர் விவரங்கள் இருக்கும் கணினியில் அதை நிறுவுவது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது தனிமனிதரின் பூட்டு. இரண்டாவது வகை நிறுவனத்தின் பூட்டு. பள்ளிகளும் கம்பெனிகளும் அரசுத் துறைகளும் மொத்தமாக வாங்கும் டேப்புகளில் தொலைவிலிருந்தே நிர்வகிக்கும் மென்பொருளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஹரியானா அரசு 2022 மே 5 அன்று ரோத்தக்கில் 'இ-அதிகம்' திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி மேல் வகுப்பு மாணவர்களுக்குச் சுமார் 5 லட்சம் டேப்புகள், நாளுக்கு 2 ஜிபி இணைய வசதியோடு. பிள்ளைகள் பாடத்துக்கு வெளியே போகாமலிருக்க அந்த நிர்வாக மென்பொருளும் அதில் உண்டு. படிப்பு முடிந்ததும் டேப்பைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. இப்படிப்பட்ட ஒரு டேப் எந்த மாநிலத்திலிருந்து சந்தைக்கு வந்தாலும் அது விற்றவருடைய பொருள் அல்ல, அந்தத் துறையின் பொருள். கம்பெனி டேப்பும் அப்படித்தான். இவற்றில் பல, இணையம் இல்லாதபோது சாதுவாக வேலை செய்யும். வீட்டுக்கு வந்து வைஃபை போட்டதும் 'இந்தக் கருவி இன்ன நிறுவனத்துக்குச் சொந்தமானது' என்று எழுந்து நிற்கும். கடையில் நெட் இல்லாமல் காட்டினால் வாங்காதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்வது இதற்காகத்தான்.

மூன்றாவது வகை, தவணைப் பூட்டு. மாதத் தவணையில் வாங்கிய கருவியைத் தவணை முடியுமுன் விற்றுவிடுகிறார்கள். கடன் கொடுத்த நிறுவனம் தொலைவிலிருந்தே பூட்டும் வசதி அதில் இருந்தால், தவணை நின்றதும் வாங்கியவர் கையில் கருவி நின்றுவிடும்.

இனி நான் சொல்லப்போவதைப் பெண் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நாம் கூடுதல் கவனத்தோடு கேட்க வேண்டும். பூட்டிய டேப்பைவிட ஆபத்தானது, பழைய கணக்கோடு திறந்தே இருக்கும் டேப். 'எல்லாம் ஓடுகிறது, யூடியூப் வருகிறது, எதையும் தொடாதே' என்று கொடுத்துவிடுவார்கள். பிள்ளை எடுக்கும் படங்கள், காப்பு வசதி இயங்கினால், அந்த முகம் தெரியாத ஆளின் கணக்கில் போய்ச் சேரும். டேப் எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவர் தன் கைபேசியிலிருந்தே பார்க்க முடியும். நினைத்தால் தொலைவிலிருந்து பூட்டலாம், உள்ளே இருப்பதை எல்லாம் அழிக்கலாம். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய நாள் பிள்ளையின் குறிப்புகள் அத்தனையும் போய்விடலாம். அவர் கெட்ட எண்ணம் உள்ளவராக இருக்க வேண்டும் என்பதில்லை. தன் கணக்கில் பழைய கருவி ஒன்று கிடக்கிறதே என்று நீக்கினாலே போதும். ஆகவே வகுப்பில் ஒரு பிள்ளை டேப் கொண்டுவந்தால், அமைப்புகளைத் திறந்து அதில் யார் கணக்கு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

சரி, வாங்கும்போது என்ன செய்ய வேண்டும்? கடலூரில் வாங்கினாலும், விழுப்புரத்தில் வாங்கினாலும், புதுவை நகரத்தில் வாங்கினாலும் முறை ஒன்றுதான். பெற்றோருக்குச் சொல்ல ஐந்து படிகளாகச் சுருக்கியிருக்கிறேன்.

ஒன்று: விற்பவர் நேரில் இருக்க வேண்டும். டேப்பை இயக்கி, அமைப்புகளில் உள்ள கணக்கை அவரே கடவுச்சொல் போட்டு நீக்க வேண்டும். ஐபேட் என்றால் 'ஃபைண்ட் மை'யை அணைத்து, கணக்கிலிருந்து வெளியேற வேண்டும்.

இரண்டு: பிறகு அமைப்புகளுக்குள்ளேயே போய், முழுவதையும் அழிக்கும் ரீசெட்டை நம் கண் முன்னால் செய்ய வேண்டும்.

மூன்று: நம் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை டேப்பில் இணைத்து, முதல் திரையிலிருந்து நம் கணக்கைப் போட்டு, முகப்புத் திரை வரும்வரை போக வேண்டும். 'ஹலோ' என்று வரவேற்கும் திரையைக் காட்டி 'புதுசு மாதிரி இருக்கு பாருங்க' என்றால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. பூட்டு அதற்கு அடுத்த திரைகளில்தான் காத்திருக்கும். வழியில் பழைய கணக்கையோ, பழைய பின் எண்ணையோ, ஏதாவது நிறுவனத்தின் பெயரையோ கேட்டால், காட்டினால், எழுந்து வந்துவிட வேண்டும்.

நான்கு: சிம் போடும் டேப் என்றால் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்த வேண்டும். அதில் முடியாவிட்டால் அமைப்புகளில் கருவியைப் பற்றிய பகுதியில் பார்க்கலாம். 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' தளத்திலும், 2025 ஜனவரியில் வந்த அதன் செயலியிலும் அந்த எண்ணைப் போட்டால், அது திருடுபோனதாகத் தடை செய்யப்பட்ட கருவியா என்று தெரியும். இதில் இரண்டு எச்சரிக்கை. வைஃபை மட்டும் உள்ள டேப்புக்கு ஐஎம்இஐ எண் கிடையாது. மேலும், அந்தத் தளத்தில் நல்ல பதில் வந்தாலும் கணக்குப் பூட்டு இல்லை என்று பொருள் அல்ல. மூன்றாவது படியை விட்டுவிட முடியாது.

ஐந்து: இவ்வளவும் முடிந்த பிறகுதான் பணம். முன்பணமும் வேண்டாம். தேதி, தொகை, டேப்பின் வரிசை எண், விற்பவர் பெயர், கைபேசி எண் எழுதிய ரசீது வாங்க வேண்டும். அச்சடித்த பில் இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத்தாள் போதும், கையெழுத்து இருக்க வேண்டும்.

எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஆகும். அரை மணி நேரம் பொறுக்க முடியாத கடைக்காரரிடம் வாங்காமலிருப்பதே நல்லது.

தெரியாமல் வாங்கிவிட்டவர்களுக்கு என்ன வழி? முதலில் விற்றவரைத் தேட வேண்டும். பூட்டிய கருவி எல்லாம் திருட்டுப் பொருள் அல்ல. விற்றவர் வெளியேற மறந்திருப்பார், அவ்வளவுதான். ஐபேட் என்றால் அவர் எந்த ஊரில் இருந்தாலும் தன் கணக்கில் நுழைந்து அந்தக் கருவியை நீக்கிவிட முடியும், நேரில் வர வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு என்றால் பெரும்பாலும் அவரே வந்து ஒருமுறை கணக்கில் நுழைய வேண்டியிருக்கும். கடையில் வாங்கியது என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது இருந்தால் பேச வலு இருக்கும். ஆன்லைனில் முன்பணம் அனுப்பி ஏமாந்தால் தாமதிக்காமல் 1930.

திரையில் 'தொலைந்தது, இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்று வந்தால், அழைக்க வேண்டும். 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் 27-ஆம் பிரிவின் பொது விதி, தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு விற்க முடியாது என்பது. காசு கொடுத்து வாங்கிவிட்டோம் என்பதால் மட்டும் அது நமதாகிவிடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வைத்துக்கொள்வது 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றம். சந்தேகம் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து எழுதி வாங்கிக்கொள்வதே பெற்றோருக்குப் பாதுகாப்பு.

இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூட்டிய டேப்போடு ஒரு பிள்ளை வந்தால், 'எங்கே எடுத்த?' என்ற கேள்வியை வகுப்பில் கேட்காதீர்கள். அந்தக் குடும்பம் ஏமாந்த குடும்பம். காசையும் இழந்து, பிள்ளை திருட்டுப் பட்டமும் வாங்கினால், அது அடுத்த நாள் பள்ளிக்கு வராது.

நம் பக்கத்துக்கும் வருகிறேன். நம் பள்ளிகளிலும் டேப், மடிக்கணினி வருகின்றன. பொறுப்பு ஆசிரியர் தன் சொந்த ஜிமெயிலைப் போட்டு இயக்குகிறார். இடமாற்றல் வருகிறது, பணி ஓய்வு வருகிறது. இருப்புப் பதிவேட்டில் 'டேப்லெட் – 1, நல்ல நிலையில்' என்று கையெழுத்தாகி ஒப்படைக்கப்படுகிறது. அடுத்தவர் ஒருநாள் ரீசெட் செய்கிறார். அரசாங்கத்தின் பொருள் ஒரு தனிமனிதரின் கடவுச்சொல்லுக்காக நிற்கிறது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் பெட்டி மட்டும் பீரோவில் தூங்குகிறது.

இதற்கு வழி எளிது. பள்ளிக் கருவியில் பள்ளிக்கென்று உருவாக்கிய கணக்கை மட்டும் போடுங்கள். இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் எந்தக் கணக்கு என்று எழுதுங்கள். கடவுச்சொல் உறையில் இருக்கட்டும், உறை தலைமையாசிரியர் பொறுப்பில் இருக்கட்டும். பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் கருவியை இயக்கிக் காட்டி ஒப்படையுங்கள். பழைய மாணவர்களோ கம்பெனிகளோ பழைய டேப்புகளை அன்பளிப்பாகத் தந்தால், விழா மேடையில் போட்டோ எடுப்பதற்கு முந்தைய நாளே ஒவ்வொன்றையும் இயக்கி, மூன்றாவது படியைச் செய்துவிடுங்கள். கொடுத்தவர்கள் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் அவர்களையே தேட வேண்டியிருக்கும்.

நம் வீட்டிலிருந்து பழைய டேப்பை விற்றாலும், வேலை செய்யும் பெண்ணின் பிள்ளைக்குச் சும்மா கொடுத்தாலும், நாமும் கணக்கிலிருந்து வெளியேறி, அழித்து, கொடுக்க வேண்டும். இது நம் படங்களையும் காக்கும், வாங்குகிற பிள்ளையின் படிப்பையும் காக்கும்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். ஐந்து படிகளையும் பெரிய எழுத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே செய்து காட்டுங்கள். பல வீடுகளில் கடைக்கு அம்மாவோடு போவது அந்தப் பிள்ளைதான், திரையில் வருவதைப் படித்துச் சொல்வதும் அந்தப் பிள்ளைதான். 'அம்மா, நெட் போட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடு' என்று அது கடையில் நின்று சொன்னால், ஒரு குழுக் கடன் வீணாகாமல் போகும்.